"பூச்சி கடிச்சிருச்சு" என்றால் பாம்பு: ஓபி-யில் நான் கற்ற தமிழ்

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் நாளே என் மானம் போய்விட்டது. 2009-ஆம் வருடம், பெரம்பலூர் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், சுற்றிலும் பருத்தியும் மக்காச்சோளமும். மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கிற நேரம் பார்த்து ஒருவர் டிவிஎஸ் எக்ஸெல்லில் மனைவியை நடுவில் உட்காரவைத்து, பின்னால் ஒரு பையன் பிடித்துக்கொள்ள, வாசல் வரைக்கும் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். "மருந்து குடிச்சிட்டாம்மா" என்றார். நான் சென்னையில் பிறந்து வளர்ந்தவள். பேனாவை எடுத்துக்கொண்டு, "என்ன மருந்து? யார் எழுதிக் கொடுத்தது? எத்தனை மில்லி குடிச்சாங்க?" என்று நிதானமாகக் கேட்டேன். கேட்டு முடிப்பதற்குள் எங்கள் ஸ்டாஃப் நர்ஸ் அந்த அம்மாவை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் வழிந்த நுரையை உறிஞ்சிக்கொண்டே, "டாக்டர், பருத்திக்கு அடிக்கிற மருந்து. அட்ரோபின் உடைக்கட்டுமா?" என்றார். அந்த விஷத்துக்கு முறிவு ஊசி அது.

அந்த ஊரில் மருந்து என்றால் பூச்சிமருந்து. நாம் கொடுப்பது மாத்திரை, ஊசி, டானிக். இது தெரியாமல் நாலரை வருடம் படித்து, ஒரு வருடம் ஹவுஸ் சர்ஜனாக ராத்திரி பகல் பாராமல் உழைத்து, முதல் பரிசெல்லாம் வாங்கியிருந்தேன்.

அந்த அம்மா பிழைத்துக்கொண்டார். பெரிய ஆஸ்பத்திரியில் பத்து நாள் போல இருந்துவிட்டு நடந்து வந்து, எனக்கு ஒரு பை சின்ன வெங்காயம் கொடுத்தார். இது மாதிரி கேஸ்களில் வீட்டார் முதலில் சொல்வது "தெரியாம குடிச்சிட்டா" என்பதுதான், போலீஸுக்குப் பயந்து. தயவுசெய்து டாக்டரிடம் மட்டுமாவது உண்மையைச் சொல்லுங்கள், டப்பாவையும் கையோடு எடுத்து வாருங்கள், எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள். வழியில் உப்புத் தண்ணீர், சாணித் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள், அது நேராக நுரையீரலுக்குப் போய் இன்னொரு வியாதியைக் கொண்டுவரும். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்று 2017-ஆம் வருட மனநலப் பாதுகாப்புச் சட்டம் 115-ஆம் பிரிவு சொல்கிறது. இதை நான் வீட்டாரிடம் சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை, ஆனாலும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். மனசு தாளாமல் இருக்கிறவர்கள் 104-க்கு எந்த நேரத்திலும் பேசலாம் என்பதையும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் வைத்தியத்தை ஆங்கிலத்தில் படிக்கிறோம். ஜனங்கள் தமிழில் நோகிறார்கள். புத்தகத்தில் நோய் இங்கிலீஷ் பேசிக்கொண்டு வரிசையாக வரும், ஓபி-யில், அதாவது புறநோயாளிகள் பிரிவில், அது "உடம்பு ஒரு மாதிரியா இருக்கு" என்று வந்து நிற்கும். 1847-இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் என்ற அமெரிக்க மிஷனரி டாக்டர் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் சொல்லிக்கொடுத்து, உடற்கூறு, பிரசவம், அறுவை சிகிச்சைக்கெல்லாம் தமிழில் பாடநூல் செய்து வைத்தார். அவர் எதற்காக அவ்வளவு மெனக்கெட்டார் என்று எனக்குப் புரிந்தது கல்லூரியில் இல்லை, அந்த எக்ஸெல் வண்டி வந்த மதியம்தான்.

அடுத்த அடி "பூச்சி". ஐப்பசி மாதம், விடியற்காலை 5 மணி, 11 வயசுப் பையன். வயிற்றுவலி, இரண்டு தடவை வாந்தி. கூட வந்த பாட்டி, "ராத்திரி ஏதோ பூச்சி ஊர்ந்த மாதிரி இருந்துச்சுன்னு சொன்னான், நாங்க எறும்பா இருக்கும்னு விட்டுட்டோம்" என்றார். உடம்பில் கடிவாய் எதுவும் இல்லை, வீக்கம் இல்லை. நான் வயிற்றுக்கு ஓர் ஊசி எழுதிவிட்டு, பையன் தூக்கக் கலக்கத்தில் இருக்கிறான் போல என்று நினைத்தேன், கண்ணை அரைகுறையாகத்தான் திறந்திருந்தான். தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயாம்மா துடைப்பதை நிறுத்திவிட்டு, "டாக்டரம்மா, கிழவி பாம்பைத்தான் சொல்லுது. இருட்டுல அதும் பேரைச் சொல்லமாட்டாங்க, பூச்சிம்பாங்க" என்றார். பையனிடம் என் விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டேன். ஒரு விரலைப் பார்த்து இரண்டு என்றான். இமையைத் தூக்கச் சொன்னால் தூக்க முடியவில்லை.

கட்டுவிரியன். ராத்திரியில் வரும், தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவரைக் கடிக்கும், பல தடவை வலியே இருக்காது, அடையாளமும் தெரியாது. விடியும்போது வயிற்றுவலி, வாந்தி, அப்புறம் இமை தொங்கும், விழுங்க முடியாது, கடைசியில் மூச்சு நிற்கும். விஷமுறிவு மருந்து 10 குப்பி ஏற்றினோம் (குழந்தைக்கும் பெரியவருக்கும் அளவு ஒன்றுதான், ஆள் சின்னவன் என்று பாம்பு விஷத்தைக் குறைத்துப் போடுவதில்லையே), 108-இல் ஏற்றி, நானும் ஏறிக்கொண்டு, வழி நெடுக, கையால் அழுத்தி மூச்சு கொடுக்கிற ஆம்பு பையை அழுத்திக்கொண்டே போனேன். என் வலது கட்டைவிரல் அடுத்த நாள் மடங்கவில்லை. பையன் ஒரு வாரத்தில் வீட்டுக்கு வந்துவிட்டான்.

அன்றிலிருந்து, விடிகாலையில் காரணம் தெரியாத வயிற்றுவலி என்று யார் வந்தாலும் என் முதல் கேள்வி, "ராத்திரி எங்க படுத்திருந்தீங்க?" வீட்டில் கட்டில் இல்லை என்றால் கொசுவலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகிக்கொண்டாவது படுங்கள். கடித்துவிட்டால் கயிறு கட்ட வேண்டாம், கீற வேண்டாம், பாம்பைத் தேடி அடித்துப் பையில் போட்டுக் கொண்டுவரவும் வேண்டாம். எங்களிடம் இருக்கிற மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் பொதுவானது. அதற்கான விஷம் எடுத்துத் தருகிறவர்களில் முக்கியமானவர்கள் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருக்கும் இருளர் கூட்டுறவுச் சங்கத்தார். இதை நான் சொன்னதும் ஒரு பெரியவர், "பாம்பு பிடிக்கிற பயலுவன்னு நாங்க வையிறவங்களாம்மா?" என்று கேட்டார். ஆமாம், அவர்கள்தான்.

டாக்டர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு குறிப்பு. கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் கடிக்கு 20 நிமிட ரத்த உறைவுச் சோதனை (விஷம் ஏறியிருந்தால் ரத்தம் உறையாது) செய்யும்போது கண்ணாடி டியூப் புதிதாக, காய்ந்து இருக்க வேண்டும். எங்கள் லேபில் ஒருத்தர் சுத்தம் என்று சோப்புப் பவுடர் போட்டுக் கழுவி அடுக்கி வைத்திருந்தார். அதில் யார் ரத்தத்தை விட்டாலும் உறையாது. சந்தேகம் வந்து என் ரத்தத்தையே எடுத்து விட்டுப் பார்த்தேன், அதுவும் உறையவில்லை.

"கேஸ்", அதாவது வாயு, பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது, தமிழ்நாட்டில் அதிகம் பேரை ஏமாற்றுகிற சொல் அதுதான் என்பது என் எண்ணம். தாடையிலிருந்து தொப்புள் வரைக்கும் எது பிடித்தாலும், அடைத்தாலும், எரிந்தாலும் கேஸ். 50 வயசு தாண்டிய ஒருவர், வெங்காயப் பட்டறை போட்டுவிட்டு வந்தவர், "கேஸ் அடைச்சுக்கிச்சும்மா, ஏப்பம் வந்தா சரியாயிடும்" என்றார். வேர்த்துக் கொட்டுகிறது என்றும் சொன்னார். சித்திரை மாதம், எனக்கும்தான் வேர்த்தது. அவருக்குப் பின்னால் நூறு பேர் நின்றார்கள், நான் ரானிடிடின் எழுதி அனுப்பிவிட்டேன். கால் மணி நேரத்தில் பஸ் ஸ்டாப் டீக்கடைக்காரர் அவரைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தார், "இவரு சட்டையைப் பிழிஞ்சா தண்ணி வருது, கையைத் தொட்டுப் பாருங்க, ஜில்லுனு இருக்கு" என்றார். ஈசிஜி எடுத்தேன். இதயத்தின் கீழ்ப்பக்கம் மாரடைப்பு. ஆஸ்பிரின் மெல்லக் கொடுத்து அனுப்பி, பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசி போட்டுப் பிழைத்தார். எனக்குத் தெரிந்த எல்லாமே டீக்கடைக்காரருக்கும் தெரிந்திருந்தது, ஒரே ஒரு வித்தியாசம், அவர் தொட்டுப் பார்த்தார்.

இப்போது எங்கள் ஓபி-யில் விதி எளிது. 40-க்கு மேல், அல்லது சுகர் இருக்கிறது, அல்லது கேஸோடு வேர்வை, மூச்சு வாங்கல், இடது கைக் குடைச்சல் எது இருந்தாலும் முதலில் ஈசிஜி, அப்புறம்தான் கேஸ் மாத்திரை. சுகர் ரொம்ப நாளாக இருப்பவர்களுக்கு நெஞ்சுவலியே இல்லாமல் வெறும் அசதியாக மாரடைப்பு வரும். முதல் ஈசிஜி நார்மல் என்றால் வீட்டுக்குப் போகலாம் என்று அர்த்தம் இல்லை, பெஞ்சில் உட்காரவைத்து அரை மணி கழித்து இன்னொன்று எடுப்போம். 2023-இல் "இதயம் காப்போம்" திட்டம் வந்த பிறகு எங்கள் மாதிரி சின்ன இடங்களிலேயே ஆஸ்பிரின் 300, குளோபிடோக்ரெல் 300, அட்டோர்வாஸ்டாடின் 80 மில்லிகிராம் கொடுத்துவிட்டு ஆம்புலன்ஸ் ஏற்றுகிறோம். ஒரு கை நிறைய மாத்திரை. "இவ்வளவா?" என்று பயந்து பாதியைப் பாக்கெட்டில் போட்டுக்கொள்கிறவர்கள் உண்டு, அதனால் நர்ஸ் கண் எதிரிலேயே விழுங்க வைத்துவிடுவார்.

"மயக்கம்" இன்னொரு தலைவலி. ஒருத்தருக்குக் கண் இருட்டினால் மயக்கம், இன்னொருத்தருக்கு வீடு சுற்றினால் மயக்கம், சிலருக்கு வாந்தி வருகிற மாதிரி இருப்பது மயக்கம், நிஜமாகவே நினைவு தப்பி விழுந்ததும் மயக்கம். "கண்ணு இருட்டுச்சா, சுவரு சுத்துச்சா, கீழ விழுந்தீங்களா?" என்று மூன்றாகப் பிரித்துக் கேட்டால்தான் எந்தப் பக்கம் போவது என்று தெரியும்.

இந்த மயக்கத்தில் ஒரு கிளைக்கதை. புரட்டாசி சனிக்கிழமை. 70 வயசுப் பாட்டியை நான்கு பேர் தூக்கி வந்தார்கள். சம்பந்தமில்லாமல் பேசுகிறார், ஒரு பக்கக் கை கால் அசையவில்லை. வரும் வழியில் கோயிலில் நிறுத்தித் திருநீறு போட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள், ஏனென்றால் செத்துப்போன மாமியார் குரலில் பேசினாராம். பக்கவாதம் என்று மேலே அனுப்பச் சீட்டு எழுத ஆரம்பித்தேன். நர்ஸ் வழக்கப்படி விரலில் குத்திச் சுகர் பார்த்தார்: 34. குளுக்கோஸ் ஏற்றினோம். ஊசி முடிவதற்குள் பாட்டி கண்ணைத் திறந்து, "ஏன்டா என்னைச் சுத்தி நிக்கிறீங்க, வேலை வெட்டி இல்லையா?" என்றார், இரண்டு கையையும் ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். பேயும் போச்சு, பக்கவாதமும் போச்சு.

காலையில் நான் அவரிடமே "சாப்பிட்டுத்தானே மாத்திரை போட்டீங்க?" என்று கேட்டிருந்தாலும் "ஆமா, சாப்பிட்டேன்" என்றுதான் சொல்லியிருப்பார். நம்மூரில் சாப்பிட்டீங்களா என்பது கேள்வி இல்லை, அது ஒரு மரியாதை, வணக்கம் சொல்வது மாதிரி. அதற்குச் சாப்பிட்டேன் என்பதும் மரியாதையான பதில். அதனால் "காலைல என்ன சாப்பிட்டீங்க? எத்தனை இட்லி?" என்று கேளுங்கள். பெருமாளுக்கு விரதம் இருந்திருக்கிறார், ஆனால் டாக்டர் கோபித்துக்கொள்வார் என்று சுகர் மாத்திரையை மட்டும் தவறாமல் விழுங்கியிருக்கிறார். விரதம் இருப்பவர்கள் முந்தைய வாரமே வந்து கேளுங்கள், அன்றைக்கு எதைக் குறைப்பது, எதை விடுவது என்று சொல்லித்தருகிறேன், திட்டமாட்டேன். சுகர் இறங்கினால் நினைவு இருக்கும்போது மூன்று நான்கு ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கலாம். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. எழுந்துவிட்டார் என்று அழைத்துப்போய்விடவும் கூடாது, கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு மாதிரி மாத்திரைகள் போட்டவர்களுக்கு, அதுவும் கிட்னி தளர்ந்த வயசானவர்களுக்கு, சில மணி நேரத்தில் மறுபடியும் இறங்கும். அந்தப் பாட்டியை ஒரு நாள் வைத்திருந்தோம், ராத்திரி இரண்டு மணிக்கு மறுபடியும் 50-க்குக் கீழே போனது.

சில சொற்களை நான் கிண்டல் செய்திருக்கிறேன், அதற்காக இப்போது வெட்கப்படுகிறேன். "உள் காய்ச்சல்" அதில் ஒன்று. தெர்மாமீட்டரில் 98.4 காட்டும், அந்த அக்கா "உள்ளுக்குள்ள காயுது" என்பார். உள் காய்ச்சல் என்று ஒன்று கிடையாது என்று சத்தம் போட்டு இரண்டு தடவை திருப்பி அனுப்பினேன். மூன்றாவது தடவை "ஜாக்கெட் எல்லாம் லூசாயிடுச்சு டாக்டரம்மா" என்றார். சளி பரிசோதனையில் காசநோய். நான் பார்த்தது காலை 10 மணிக்கு, அவருக்குக் காய்ச்சல் வந்தது சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரம். பொய் சொன்னது தெர்மாமீட்டரும் இல்லை, அவரும் இல்லை.

அப்படியே காலில் "செருப்பு கழண்டு விழுந்தது தெரியல" என்றால் சுகரால் உணர்ச்சி போய்விட்டது, அன்றைக்கே பாதத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். "ஒண்ணுக்குப் போற இடத்துல எறும்பு மொய்க்குது" என்றால் மேற்கொண்டு கதை கேட்க வேண்டாம், சுகர் பார்த்தால் போதும். நோயாளி வாயே திறக்காத விஷயங்களும் உண்டு. ஒரு வாரம் தாண்டிய காய்ச்சல், டெங்கு இல்லை, டைபாய்டு இல்லை என்றால் அக்குள், தொடை இடுக்கு, மார்புக்குக் கீழே, பாவாடை நாடா கட்டும் இடம் எல்லாம் பார்க்க வேண்டும். சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கறுத்த பொருக்கு இருந்தால் ஸ்க்ரப் டைபஸ் (சின்ன உண்ணி கடித்து வரும் காய்ச்சல்), டாக்சிசைக்ளின் கொடுத்தால் இரண்டு நாளில் காய்ச்சல் விட்டுவிடும். அந்தப் புண் வலிக்காது, அரிக்காது, அதனால் சொல்லமாட்டார்கள். நாமாகத் தேடினால்தான் உண்டு.

ஆனால் என்னைத் தூங்கவிடாத சொல் "ஒண்ணுமில்ல".

40 வயசுப் பெண், மூட்டுவலி என்று மாமியாரோடு வந்தார். மாத்திரை எழுதினேன். எழுந்து வாசல் வரை போனவர் திரும்பி, "அப்புறம் டாக்டரம்மா..." என்றார். நான் அடுத்த சீட்டைக் கையில் எடுத்துவிட்டிருந்தேன். அவர் மாமியாரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல, வர்றேன்" என்று போய்விட்டார். எட்டு மாதம் கழித்து, துப்பட்டாவைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு, நாற்றம் மறைக்க அத்தர் தடவிக்கொண்டு வந்தார். இடது மார்பில் கட்டி வெடித்துப் புண்ணாகியிருந்தது. அப்போதே காட்டியிருக்கலாமே என்று கேட்டதற்கு, "காட்டத்தான் வந்தேன், நீங்க வேலையா இருந்தீங்க" என்றார். அதில் குற்றம் சாட்டுகிற தொனிகூட இல்லை. அடுத்த வருடத் தை மாதத்தில் இறந்துபோனார். மூட்டுவலி அவருக்கு இருந்ததா என்பதே இன்றுவரை எனக்குச் சந்தேகம்தான்.

அதற்கப்புறம் சில ஏற்பாடுகள் செய்தோம். மேஜைக்குப் பக்கத்தில் திரை. கூட வருகிறவர்களை "நீங்க வெளிய போய் பிபி பார்த்துட்டு வாங்க" என்று நர்ஸ் கூட்டிக்கொண்டு போய்விடுவார், மாமியார்களுக்கு எங்கள் ஊரில் அனாவசியமாக எத்தனையோ தடவை பிபி பார்த்திருக்கிறோம். வாசலில் நின்று "அப்புறம்" என்கிறவரைத் திரும்ப உட்காரவைத்துவிட்டுத்தான் அடுத்த சீட்டை எடுப்பது. இதனால் வரிசை நகராது, திட்டு வாங்குவோம், மேலிடத்திலிருந்து ஓபி எண்ணிக்கை ஏன் குறைந்தது என்று கேட்பார்கள். கேட்கட்டும். பெண்களுக்கு ஒன்று சொல்கிறேன்: முக்கியமானதை முதலில் சொல்லுங்கள். மூட்டுவலியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். கூட வந்தவர் முன்னால் சொல்ல முடியாது என்றால் சீட்டுப் போடுகிற இடத்திலேயே நர்ஸ் காதில் "தனியாப் பேசணும்" என்று சொன்னால் போதும்.

போன மாதம் எங்களிடம் புதிதாக ஒரு டாக்டர் தம்பி சேர்ந்தார். சென்னைப் பையன், என்னை மாதிரியே. மூன்றாம் நாள் வேகமாக என் அறைக்கு வந்து, "மேடம், மூணு மாசக் குழந்தை, விடாம அழுவுது. உர மூட்டை மேல விழுந்துடுச்சாம். வெளிக்காயம் எதுவும் தெரியல, மேல அனுப்பிடட்டுமா?" என்றார். எனக்கு ஒரு கணம் பகீரென்றது. குழந்தையின் அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். "மூட்டையா? அய்யய்யோ, உரம் விழுந்திருச்சுன்னுல்ல சொன்னேன்" என்றார் அவர். குழந்தைக்குப் பிடிப்பு, சுளுக்கு மாதிரி ஏற்பட்டு அழுதால் உரம் விழுந்துவிட்டது என்பார்கள், ஊரில் யாராவது பாட்டி சேலையில் போட்டு உருட்டி எடுத்துவிடுவார். ஆயாம்மா சிரித்த சிரிப்பில் வாளித் தண்ணீர் சிந்திவிட்டது. நானும் சிரித்துவிட்டு, பையனுக்கு மருந்து, பூச்சி எல்லாம் விளக்கலாம் என்று வாயைத் திறந்தேன்.

"இல்ல மேடம், மூட்டை விழுந்துச்சுன்னு நினைச்சதால முழுசா துணியக் கழட்டிப் பார்த்தேன், சாக்ஸ் உட்பட" என்றார் அவர். "வெளிக்காயம் இல்ல, ஆனா வலது கால் மூணாவது விரல் மட்டும் சிவந்து வீங்கியிருக்கு. பூச்சி ஏதாவது கடிச்சிருக்குமோ?"

போய்ப் பார்த்தோம். விரலின் அடியில் ஒரு தலைமுடி, அம்மாவுடையது, இரண்டு சுற்றுச் சுற்றிச் சதைக்குள் இறங்கியிருந்தது. பிள்ளை பெற்ற மூன்றாவது மாதம், முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிற நேரம். லென்ஸை வைத்துக்கொண்டு சின்னக் கத்தரியால் அவர்தான் வெட்டி எடுத்தார், எனக்கு இப்போதெல்லாம் கிட்டத்தில் கண் சரியாகத் தெரிவதில்லை.